காசிக்கு வழி தெரிந்தவள்

அம்மிணி, அந்தக் காப்பிக்காரர் இந்தப் பக்கம் வந்தா மெதுவாக் கையைக் காட்டுங்க. சத்தம் போட்டுக் கூப்பிட்டுடாதீங்க. ரெண்டு கப்பு வாங்கிக்கலாம். பாக்கறவங்களுக்கு ரெண்டுமே உங்களுதாட்டத் தெரியட்டும்.

என்னடா இந்தப் பொம்பளை ஒரு காப்பிக்கு இத்தனை கூத்துப் பண்றாளேன்னு நினைக்காதீங்க. அதோ அந்த சைடு பெர்த்துல போர்வையை இழுத்துப் போத்திட்டுப் படுத்திருக்காங்களே, அவங்க எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் சம்சாரம். ருக்குமணியக்கா. எனக்கு மூத்த ஓர்ப்படியா. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கண்ணசருவாங்க. நான் காப்பி குடிக்கறதை அவங்க பாக்கக் கூடாதுங்க. நான் காசியில காப்பியை விட்டுட்டு வந்தவ.

காசிக்குப் போனா பிடிச்சது ஒண்ணை அங்கயே விட்டுட்டு வரணுமில்லீங்களா, உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும், அங்கயே குடியிருக்கறீங்க. அனுமான் காட் படித்துறைப் பக்கம் வீடுன்னு சொன்னீங்க பாருங்க, கேட்டதும் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சுங்க. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும் நீங்க. நாளைக்குக் காலையில இறங்கிடுவோம். அதுக்குள்ள எனக்குக் காசியைச் சொல்லிக் கொடுங்க. ஸ்டேசனை விட்டு வெளிய வந்தா எந்தப் பக்கம் திரும்பணும், கங்கைக்கு இறங்கற படிக்கட்டு செங்குத்தா இருக்குமா, விசுவநாதர் கோயிலுக்குள்ள செருப்பை எங்க போடறது, அன்னபூரணி அதுக்குள்ளயே இருக்காங்களா, தனியா இருக்காங்களா. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தக்காவைப் பொறுத்தவரைக்கும் நான்தான் காசிக்கு வழி தெரிஞ்சவ.

இல்லீங்க, நான் போனதில்லீங்க. அதுதான் சங்கடமே.

முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். எங்களுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம். எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சும் குழறிப் போச்சு. நாலு வருசம் படுக்கைதான். நல்லா இருந்தப்பவே ஒரு டம்ளர் தண்ணி தானா மோந்து குடிக்காத மனுசன் அவரு. படுத்ததுக்கப்புறம் கேக்கணுமா. குளிப்பாட்டறது, ஊட்டறது, புரட்டிப் போடறது, துணி மாத்தறது எல்லாம் நான்தான். நான் குறையாச் சொல்லலீங்க. பொண்டாட்டி பண்ணாம யாரு பண்ணுவா. சும்மா விவரத்துக்குச் சொல்றேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, மேகலா, சிங்கப்பூர்ல வேலையா இருக்கறா. எல்லாத்துக்கும் அவதான் காரணம்னு வெச்சுக்கங்களேன். போன வருசம் லீவுல வந்தவ ஒரு நாள் நான் அடுப்பு முன்னால நின்னுட்டே தூங்கினதைப் பாத்துட்டா. பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு, நான் கரண்டியைப் பிடிச்சுட்டு நின்னுட்டிருக்கேன். திரும்பிப் போன கையோட ஒரு ஏற்பாடு பண்ணிட்டா. பாலின்னு ஒரு தீவுங்க, இந்தோனேசியாவுல இருக்குதாமா. அங்க ஒரு யோகா முகாமு. ஒரு வாரம். யோகா பண்ணிட்டு, சாப்பிட்டுட்டு, தூங்கறதுதான் வேலை. "நீ போகலைன்னா நான் வேலையை விட்டுட்டு வந்து அப்பாவைப் பாத்துக்கறேன்"னு மிரட்டறா. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க.

ஆனா ஊருல என்ன சொல்லிட்டுப் போறது? புருசன் படுக்கையில கிடக்கறப்ப பொண்டாட்டி ஃபாரின்ல போய்க் காலை நீட்டிட்டு வர்றாள்னு தெரிஞ்சா, நான் அதுக்கப்புறம் ஒரு கல்யாண வீட்டுல போய் நிக்க முடியுங்களா? மேகலா, "ரெஸ்ட் எடுக்கப் போறேன்னு சொல்லும்மா, அதுல என்ன தப்பு"ங்கறா. அவளுக்கென்ன, அவ சிங்கப்பூர்ல இருக்கறா. எனக்கு வாயில வந்தது காசி. அவருக்காக வேண்டிக்கக் காசிக்குப் போறேன்னு சொல்லிட்டேன். காசின்னு சொல்லிட்டா ஒரு வாய் அசையாதுங்க. போறவளைத் தடுத்தாத் தடுத்தவங்களுக்குத்தான் பாவம். பக்கத்து வீட்டம்மா பூவும் பழமும் கொண்டாந்து கொடுத்துக் கால்ல விழுந்துச்சு. என்னை விடப் பெரியவங்க, கால்ல விழறாங்க. நான் பையை எடுக்கற மாதிரித் திரும்பிக்கிட்டேன்.

சரி, இவரை யாரு பாத்துக்கறது? அங்கதான் இந்த அக்கா வர்றாங்க. அவங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்துட்டாரு. குழந்தை குட்டி இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்துல தோட்டத்துல ஒத்தையா இருந்தாங்க. விசயம் கேட்டதும் மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து எறங்கிட்டாங்க. "நீ போய்ட்டு வா சாமி, உன் புருசனை நான் பாத்துக்கறேன். காசிக்குப் போறவளுக்கு ஒத்தாசை பண்ணினா அந்தப் புண்ணியத்துல பாதி எனக்கும் சேரும்"னாங்க. ஏதோ பங்கு போட்டுத் தந்துடுவேங்கறாப்பலச் சொன்னாங்க. கொழுந்தனாருக்குப் பீத்துணி அலசறதுன்னா சும்மாவா அம்மிணி. ரத்த சொந்தமா, ஒண்ணா. அந்தப் பாதிப் புண்ணியத்துக்காகத்தான் அத்தனையும் பண்ணினாங்க.

காப்பி வந்துருச்சு, வாங்குங்க. அப்படியே ஜன்னல் பக்கம் நகத்தி வெச்சுருங்க. ம். ஆறின காப்பிதான், இருந்தாலும் காப்பிங்க.

பாலியில எறங்கினதும் குளுகுளுன்னு ஒரு ஈரத் துண்டு கையில கொடுத்தாங்க. அதுல என்னமோ புல்லு வாசம். முகத்துல வெச்சேன் பாருங்க, எடுக்கவே மனசில்லை. போனை வாங்கி ஒரு துணிப்பையில போட்டு வெச்சுட்டாங்க. சாயங்காலம் ஒருக்காத் தருவாங்களாம், வீட்டுக்குப் பேசிக்கலாமாம். நான் வேண்டாம்னுட்டேன். காசியில சிக்னல் சரியாக் கிடைக்காதுன்னு ஊருல சொல்லிட்டுத்தான வந்தேன். பேசினாத்தான் பொய்யாப் போயிடும் பாருங்க.

மத்தவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க. நான் ஒருத்திதான் சேலையில. எங்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க. இந்தியாவுல இருந்து வந்திருக்கா, பெரிய யோகினியா இருப்பாள்னு நினைச்சுட்டாங்க போல. எனக்குக் குனிஞ்சா முட்டி தொட வராதுங்க. சொல்லிக் கொடுத்தது ஒரு ஜெர்மன்காரம்மா. பேரை சாரதான்னு மாத்தி வெச்சிருந்துச்சு. அது ஒத்தைக் கால்ல நிக்கும், தலைகீழா நிக்கும். நான் செவுத்தைப் பிடிச்சுட்டு நின்னேன். எல்லாம் முடிஞ்சு கடைசியில பொணமாட்டப் படுக்கச் சொல்லுவாங்க. அது ஒண்ணுதான் எனக்கு நல்லா வந்துச்சு. படுத்தா அடுத்த நிமிசம் குறட்டை. மத்தவங்களை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டு, என்னை மட்டும் போர்வை போத்தித் தூங்க விட்டுருவாங்க. எந்திரிச்சுப் பாத்தா வெயில் சாஞ்சிருக்கும். யாரும் என்னைத் தேடியிருக்க மாட்டாங்க.

முதல் நாள் சாப்பாட்டுக்கு உக்காந்தேன். உக்காந்த எடத்துக்கு ஒரு பொண்ணு தட்டைக் கொண்டாந்து முன்னால வெச்சுச்சு. நான் எந்திரிக்கல, எடுக்கல, பரிமாறல. என் முன்னால ஒரு தட்டு வருது. எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துல இருந்த வெள்ளைக்காரம்மா எனக்கு என்னமோ ஞானம் வந்துருச்சுன்னு நினைச்சுக் கையைப் பிடிச்சுக்கிச்சு.

மனசு உறுத்தலையான்னு கேக்கறீங்களா? உறுத்தாம இருக்குங்களா. எந்நேரமும் உறுத்திட்டேதான் இருந்துச்சு. இந்நேரம் அவரைப் புரட்டிப் போட்டிருப்பாங்களா, முதுகுல புண்ணு வந்துருமான்னு. உறுத்திட்டே சாப்பிட்டேன். உறுத்திட்டே தூங்கினேன். வர்றப்ப மூணு கிலோ ஏறியிருந்தேன்.

கோயமுத்தூர்ல எறங்கி நேரா வீட்டுக்குப் போகலீங்க. டவுன்ஹால் பக்கம் ஒரு பூசைச் சாமான் கடையில காசிக் கயிறு, அன்னபூரணி பொம்மை, வாயடைச்ச செப்புச் சொம்புல கங்கைத் தண்ணி எல்லாம் வாங்கினேன். அந்தத் தண்ணி நெசமான கங்கைத் தண்ணிதானுங்க, ஒட்டின காயிதத்துல எழுதியிருந்துச்சு. அதுல நான் யாரையும் ஏமாத்தலை.

வீட்டு வாசல்ல எறங்கினேன். அக்காதான் ஆரத்தி எடுத்தாங்க. "வெளுத்து வந்திருக்கியே வசந்தாமணி, காசித் தண்ணி ஒத்துக்கிச்சாட்ட இருக்கு"ன்னாங்க. மேல வாசம் அடிக்குதேன்னாங்க. அங்க உடம்புக்குத் தேச்ச எண்ணெய் வாசம் போகலை. காசி விபூதி வாசம்னு சொன்னேன். என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. "என்னத்தை விட்டுட்டு வந்தே?"ன்னு கேட்டாங்க. நான் அதை யோசிச்சே வெக்கலை. பாவக்காய்னேன். "உனக்குப் பிடிக்காததையா கங்கையில விட்டே"ன்னு கேட்டாங்க. "இல்லக்கா, காப்பியும்"னேன். அன்னைக்கோட முடிஞ்சுது. எங்க வீட்டுல காப்பிப் பொடி வாங்கறதையே நிறுத்திட்டாங்க. நான் முன்னால உக்காந்து பாத்துட்டிருக்கத் தான் மட்டும் குடிக்கறது பாவமாம், அவங்களும் விட்டுட்டாங்க. நான் மருந்து வாங்கப் போற சாக்குல பஸ் ஸ்டாண்டு பேக்கரியில நின்னு குடிச்சுட்டு வருவேன்.

இனிமேதாங்க விசயமே. உள்ள போனேன். எங்க வீட்டுக்காரரு தலகாணியில சாஞ்சு உக்காந்திருக்காரு. என்னைப் பாத்ததும் வலது கையைத் தூக்கினாரு. வலது கைங்க. நாலு வருசமா அசையாத கை. பக்கத்துல இருந்த டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டு போனாரு. பாதி சட்டையில ஊத்திச்சு, பாதி உள்ள போச்சு. அக்கா எனக்கு முன்னால நின்னுட்டு அழறாங்க. "நீ அங்க வேண்டிக்கிட்டே, இங்க கை வந்துச்சு பாரு. நீ கங்கையில முழுகின அன்னைக்குத்தான் முதல் விரல் அசைஞ்சிருக்கணும்"ங்கறாங்க.

ஊரு முழுக்கப் பரவிருச்சு. என்னங்க கேக்கறீங்க, வேற வைத்தியம் ஏதாவது நடந்துச்சான்னு? ஒரு வைத்தியமும் இல்லீங்க. மாத்திரைகூட மாத்தலை. சொல்லப் போனா அக்கா அவரைப் பாத்துக்கிட்ட லட்சணத்துல எனக்குக் கோபந்தான். கட்டிலுக்குக் கீழ பாத்தா ஒரே கடலைக்காய்த் தோலு. என்னக்கா இதுன்னு கேட்டா, தோட்டத்துல இருந்து வந்த மூட்டையை அவரு மடியில தட்டத்துல போட்டு உரிக்கச் சொல்லியிருக்காங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். "உரிச்சாத்தான் சோறு"ன்னு அதட்டியிருக்காங்க. ஊட்டியும் விடலையாம், கரண்டியைக் கையில வெச்சுத் துணியால கட்டி விட்டிருக்காங்க. நான் நாலு வருசமா அவரு விரலுக்கு வேலை வெக்காம ராசாவாட்டப் பாத்துட்டு வர்றேன், இவங்க படுத்திருக்கற மனுசனைப் போட்டுக் கடலைக்காய் உரிக்க விட்டிருக்காங்க. நான் வந்ததும் முதல் வேலையா அந்தத் தட்டத்தை எடுத்து உள்ள வெச்சேன். அப்புறம் அக்காவே மறுபடியும் எடுத்துக் கொடுத்துட்டாங்க, அது வேற.

ஏன் சிரிக்கறீங்க?

சரி விடுங்க. அதுக்கப்புறம் அக்கா தோட்டத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. நானும் போகச் சொல்லலை. கூடமாட இருந்தாங்க. அவரு இப்பக் கம்பைப் பிடிச்சுக் கூடத்துக்கு நடந்து வர்றாரு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன சித்திரையில ஒரு நாள் அக்கா என்னை ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாங்க. என் கையைப் பிடிச்சு அவங்க மாருல வெச்சாங்க. உள்ள ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவுக்கு இருந்துச்சு. வலிக்குதாக்கான்னு கேட்டேன். வலிக்கலைன்னாங்க.

கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா ஊசி வெச்சுப் பாத்துட்டு, அடுத்த வாரமே எடுத்துரணும், தள்ளிப் போடக் கூடாதுன்னாங்க. இந்தக்கா தலையை ஆட்டிட்டு வெளிய வந்து எங்கிட்டச் சொல்றாங்க, "முதல்ல காசி. அப்புறந்தான் கத்தி. உன் புருசனுக்குக் கை கொடுத்த சாமி எனக்கும் கரைச்சுக் கொடுக்கும். அந்தப் பாதிப் புண்ணியம் எனக்கு அங்க பாக்கி இருக்குது"ன்னு. கூட நான் வரணுமாம். நான் போன வழியிலயே போகணுமாம். நான் முழுகின படித்துறையிலயே முழுகணுமாம்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. எந்தப் படித்துறையைக் காட்டுவேன்? அதனால கொஞ்சம் பாத்துப் போலாம்க்கான்னு சொன்னேன். சித்திரை வைகாசியில அங்க வெயில் கொளுத்தும், வயசானவங்க தாங்க மாட்டாங்கன்னேன். அது பொய்யில்லீங்களே, நீங்களே சொல்லுங்க. அப்புறம் ஆடி. ஆடியில யாரு பயணம் கிளம்புவா. ஆவணியில கங்கையில வெள்ளம்னு டிவியில சொன்னாங்க. நடுவுல எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு காய்ச்சல். புரட்டாசியில பித்ரு காரியத்துக்குக் கூட்டம் அலைமோதும், நிக்க எடம் இருக்காதுன்னேன். நானும் எத்தனைதான் சொல்றது. கடைசியில அக்காவே ஒரு நாள் செல்போன் கடைக்குப் போயி, அங்க இருந்த ஆளுகிட்டச் சொல்லி ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டு வந்து எங்கையில கொடுத்துட்டாங்க. மேகலா லீவு போட்டு வந்து அவங்கப்பாவைப் பாத்துக்கறா.

மேகலா கத்தறாளுங்க. "உண்மையைச் சொல்லும்மா, சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு. போன்லயும் கத்தினா, நேர்ல வந்தும் கத்தினா. நீதான என்னை அனுப்பினே, நீ சும்மா இருன்னுட்டேன். உண்மையைச் சொன்னா அக்கா என் முகத்துல முழிப்பாங்களா? பீத்துணி அலசின கையிங்க அது. அந்தக் கையை வெச்சு ஓங்கி ஒரு அறை விட்டாக்கூட வாங்கிக்குவேன். ஒண்ணும் சொல்லாம மூட்டையைக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?

அதனாலதான் உங்களைக் கேக்கறேன், அந்த அனுமான் காட் படித்துறையில படி எத்தனை இருக்கும்? அவங்களுக்கு இப்பக் கையை ஊனி எந்திரிக்க முடியறதில்லை. வலது கையைத் தோளுக்கு மேல தூக்க மாட்டேங்கறாங்க. ரவிக்கையெல்லாம் அக்குளைப் பிரிச்சுத் தைச்சுக் கொடுத்தேன். நேத்து ரயில் ஏறறப்பப் பையைக்கூட நான்தான் வாங்கிக்கிட்டேன்.

என்ன? எப்பத் தெரிஞ்சதுன்னா? அதான் சொன்னேனே, சித்திரையில.

இப்ப ஐப்பசி.

அப்படிப் பாக்காதீங்க அம்மிணி. நான் என்ன வேணும்னா பண்ணினேன்? இல்லீங்க, இப்ப நெல்லிக்காய் அளவு இல்லை. இப்ப நான் தொட்டுப் பாக்கறதில்லை. ரவிக்கை தைக்க அளவு எடுக்கறப்பப் பட்டுச்சு. கையை எடுத்துக்கிட்டேன்.

தள்ளிப் போட்டது அவங்க. காசிக்கப்புறந்தான்னு சொன்னது அவங்கதானுங்க. நான் சொன்னது காசியைத் தள்ளிப் போடலாம்னுதான். ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடலாம்னு நான் ஒரு தரமும் சொல்லலை. ஒரு தரமும்.

ஆமாங்க. ரெண்டும் ஒண்ணுதான். நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியுது.

இன்னொண்ணு இருக்குதுங்க. அதை மேகலாகிட்டக்கூடச் சொன்னதில்லை. ஏறினதுல இருந்து அக்கா ஒண்ணையே கேட்டுட்டு வர்றாங்க. "அன்னைக்கு நீ என்ன வார்த்தை சொல்லி வேண்டினே? அதை அப்படியே எனக்குச் சொல்லிக் கொடு. நான் பாட்டுக்கு ஏதாவது மாத்திக் கேட்டுப் பலிக்காமப் போயிடப் போகுது. ஆளை மட்டும் மாத்திக்கறேன், வார்த்தை உன்னுதாவே இருக்கட்டும்"ங்கறாங்க. சாப்பிடறப்பக் கேட்டாங்க. படுக்கறப்பக் கேட்டாங்க. எந்திரிச்சதும் சொல்றேங்க்கான்னு சொல்லியிருக்கேன்.

வேண்டினேன் அம்மிணி. வேண்டாம இருந்தா நல்லா இருந்திருக்கும். முகாமு முடியறதுக்கு முந்தின நாள் அந்த சாரதாம்மா எங்களை ஒரு ஓடைக்குக் கூட்டிட்டுப் போச்சு. அந்த ஊருல ஓலையில சின்னச் சின்னதாத் தட்டு முடைவாங்க, அதுல பூவும் கொஞ்சம் சோறும் வெச்சுச் சாமிக்கு வெப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு கையில கொடுத்து, மனசுக்கு என்ன வேணுமோ அதை நினைச்சுட்டுத் தண்ணியில விடுங்க, யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னுச்சு. நான் அவரு எந்திரிச்சு நடக்கணும்னு வேண்டத்தான் உக்காந்தேன். சத்தியமா அதுக்குத்தான் உக்காந்தேன். கண்ணை மூடினேன். மறுநாள் வண்டி ஏறணும், வீட்டுக்குப் போனதும் முதல்ல அந்த ரூம் வாசம் வரும், துணி கிடக்கும், அவரு என்னைப் பாத்து முனகுவாரு. நான் திரும்பிப் போறதுக்குள்ள அவரு போயிடட்டும்னு வேண்டினேன். நல்லபடியாத் தூக்கத்துலயே முடிஞ்சு போகட்டும், நான் போறப்ப எல்லாம் ஆகியிருக்கட்டும்னு. தட்டைத் தண்ணியில விட்டுட்டேன். அது பாட்டுக்குப் போச்சு. அன்னைக்கு நான் நல்லாத் தூங்கினேன்.

வந்து பாத்தா டம்ளரைத் தூக்கறாரு. என்னைப் பாத்துக் கோணவாயால சிரிக்கறாரு. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. சந்தோசமா இருக்கணும்ல.

இப்ப இவங்க அதே வார்த்தையைக் கேக்கறாங்க. ஆளை மட்டும் மாத்திக்கறாங்களாம். ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துட்டாப் போகுது, அவங்களுக்கு எங்க தெரியப் போகுதுன்னுதான் நினைச்சுட்டு வந்தேன். உங்ககிட்டயே நல்லதா ஒரு மந்திரம் கேட்டு வாங்கிக்கலாம்னுதான் பேச்சுக் கொடுத்தேன். ஆனா அந்தக் கட்டி அங்கயேதான் இருக்கும் இல்லீங்களா. நான் என்ன சொல்லிக் கொடுத்தாலும் அது அங்கயேதான் இருக்கும்.

இருங்க. எந்திரிச்சுட்டாங்க.

என்னக்கா, தூக்கம் வந்துச்சா? இல்லக்கா, சும்மா இந்த அம்மிணிகிட்டப் பேசிட்டிருந்தேன். காசியிலதான் இருக்காங்களாமா. வாங்க, இங்க வந்து உக்காருங்க. அந்தக் கையை ஊனாதீங்க, நான் பிடிச்சுக்கறேன். மெதுவா. அம்மிணி, கொஞ்சம் நகருங்க. ம், அப்படித்தான்.

என்னக்கா? ஆமாக்கா, சொல்றேன்னு சொன்னேன். மறக்கலை. அந்த வார்த்தைதான. சொல்றேங்க்கா. ஆனா அதை நீங்க வேண்டக் கூடாதுக்கா. வேணாம், கையை எடுக்காதீங்க, என் கையிலயே இருக்கட்டும். நான் காசிக்குப் போகலைக்கா. காசியை நான் பாத்ததே இல்லை. மேகலா என்னை வேற ஊருக்கு அனுப்பினா, சாப்பிட்டுத் தூங்கறதுக்கு. நீங்க இங்க அவருக்கு எல்லாம் பண்ணிட்டிருந்தப்ப நான் அங்க உக்காந்துட்டு அவரு சாகட்டும்னு வேண்டினேங்க்கா. கட்டியை எடுத்துரலாம்க்கா. நாளைக்கே திரும்பிரலாம்.

என்னக்கா? கேக்கலையா? பாலத்து மேல போகுது, அதான் இந்தச் சத்தம்.

இல்லக்கா, ஒண்ணுமில்லைன்னு சொல்லலை. பாலம் தாண்டட்டும். இன்னொருக்காச் சொல்றேன்.